குமரி மாவட்டத்தில் ஒரு மர்ம நாவல்: எங்கிருந்து தொடங்குகிறீர்கள்?

வேளிமலை

வணக்கம். எனக்குத் தக்கலைப் பக்கம் ஊர். இதுவரை எழுதியதெல்லாம் சிறுகதைகள். இப்போது ஒரு மர்ம நாவலில் கை வைத்திருக்கிறேன். களம் நம்ம மாவட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குள் ஒரு பிணம். சுரங்கப் பாதை, இருட்டு அறைகள், மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை, அந்தப் பளபளக்கும் கறுப்புத் தரை என்று நிறைய யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எதில் தொடங்குவது என்று பிடிபடவில்லை. பிணத்திலா, கொலை செய்தவரிலா, துப்பறிகிறவரிலா?

மலையோரம் அண்ணாச்சி மாத நாவல் காலத்திலிருந்து எழுதுகிறவர் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சி, உங்களை முதலில் எழுத வைத்தது எது? கதை உங்களுக்கு எப்படி வருகிறது? ஒரு நாளில் எப்போது எழுதுவீர்கள்? மற்றவர்களும் சொல்லுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் வாசிக்கிறேன்.

மலையோரம்

தங்கச்சி, என்னை எழுத வைத்தது டீக்கடை பெஞ்ச்.

எனக்குக் குலசேகரம் பக்கம். பக்கத்து ஊரில் சந்தேகத்துக்கு இடமான ஒரு சாவு என்றால், மறுநாள் பேப்பர் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் எங்கள் கடையில் விசாரணை முடிந்திருக்கும். ஒருவர் மருமகன்தான் என்று சத்தியம் செய்வார். இன்னொருவர் வரப்புத் தகராறு என்பார். அதுவரை வாய் திறக்காமல் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள், 'மருமகன் அன்றைக்கு அரசுமூடு சந்தையில் வாழைக்குலை இறக்கிக்கொண்டு நின்றானே, நான் கண்டேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். மொத்தக் கதையும் விழுந்துவிடும். மருமகன் செய்தானா இல்லையா என்பதைவிட, ஒரே வரியில் எல்லாவற்றையும் சாய்த்த அந்த ஆளைத்தான் எனக்குப் பிடித்தது. இன்றைக்கும் என் கதைகளில் அவர் வேறு வேறு பெயரில் வருகிறார்.

அப்புறம் மாத நாவல்கள். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கும். வீட்டில் ஒருவர் வாங்கினால் தெருவே வாசிக்கும். அவற்றில் கொலை பெரும்பாலும் சென்னை ஃபிளாட்டிலோ ஊட்டி காட்டேஜிலோ நடக்கும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்தபோதுதான் தெரிந்தது, தோட்டமே ஒரு கடிகாரம்.

எப்படி என்று சொல்கிறேன். பால் வெட்டுகிறவர் விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இறங்குவார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரம் மரமாகப் பட்டையை வெட்டிக்கொண்டே போவார். கடைசி மரம் முடிந்ததும் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு, மறுபடி முதல் மரத்திலிருந்து, மரத்தில் கட்டிய சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) சேர்ந்திருக்கும் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே வருவார். எடுக்காமல் விட்ட பால் சிரட்டையிலேயே உறைந்துபோகும். இப்போது அந்தத் தோட்டத்தில் அவர் இறந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்வரிசையில் புது வெட்டு இருக்கிறது, சிரட்டைகள் காலி. கீழ்வரிசையிலும் புது வெட்டு இருக்கிறது, ஆனால் சிரட்டை நிறைய உறைந்த பால். அப்படியென்றால் அவர் எல்லா மரத்தையும் வெட்டி முடித்துவிட்டார். கஞ்சி குடித்துவிட்டு வந்து பால் எடுக்கவும் தொடங்கிவிட்டார். எந்த மரம்வரை வந்தார் என்பதுகூடத் தெரிகிறது. 'விடியுமுன்னே கண்டேன், அப்போதே கிடந்தார்' என்று ஒரு ஆள் சொன்னால் அது பொய் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஒரு பார்வையில் புரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டருக்குப் புரியாது.

என் முதல் நாவல் அதுதான். முதலில் அனுப்பிய இடத்திலிருந்து 'ரப்பரைப் பற்றி வாசகருக்கு என்ன தெரியும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அடுத்து அனுப்பிய இடத்தில் போட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிரட்டையைப் பற்றித்தான் இருந்தன.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பிணத்திலும் தொடங்குவதில்லை, துப்பறிகிறவரிலும் தொடங்குவதில்லை. கொலைகாரனுக்குத் தெரியாத ஒரு விஷயத்தில் தொடங்குகிறேன். அவன் எல்லாவற்றையும் யோசித்திருப்பான். ஆனால் அந்த மண்ணில் அன்றாடம் வேலை செய்கிறவருக்குச் சாதாரணமாகத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியாது. அது கிடைத்துவிட்டால் கதையின் மிச்சம் தானாகச் சேரும்.

எழுதும் பழக்கத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போது ரப்பர் ஷீட் அடிக்கப் போக வேண்டும்.

சின்னமுட்டம்

அண்ணாச்சி சொன்னதைக் கடலுக்கு வைத்துப் பார்த்தேன். எங்களிடமும் ஒன்று இருக்கிறது, யாரும் எடுத்து எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் தெரியும்தானே? கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். நம்ம மாவட்டத்தின் சிறப்பு என்னவென்றால் இங்கே இரண்டும் உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு. மே மாதத்தில் எங்கள் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அதே நாளில் குளச்சலிலிருந்து படகு கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஜூலையில் அப்படியே தலைகீழ். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் கிடையாது. வள்ளத்தில், அதாவது நாட்டுப் படகில், போகிறவர்களுக்குத் தடை இல்லை, அவர்கள் போகலாம்.

இதை வைத்து ஒரு ஆள், 'மே மாதம் அந்த ராத்திரி நான் சின்னமுட்டத்திலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தேன்' என்று சொன்னால் என்ன ஆகும்? நாகர்கோவிலில் இருந்து விசாரிக்க வருகிறவர், 'குளச்சல்காரர்களும் அன்றைக்குப் போனார்களே' என்று நம்பிவிடலாம். மீன் ஏலம் போடும் அக்கா ஒருத்தி நம்ப மாட்டார்.

படகில் எத்தனை பேர் போனார்கள், கடலுக்குப் போக வாங்கும் டோக்கனில் யார் பெயர் இருந்தது, டீசல் எங்கே போட்டார்கள் என்பதெல்லாம் கேட்டால் சொல்வதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் கேளுங்கள்.

தோவாளை

நான் எழுதுகிறவள் அல்ல, வாசகி. எங்கள் பாட்டி அந்தக் காலத்துத் துப்பறியும் எழுத்தாளர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களைப் பெட்டியில் பூட்டி வைத்து வாசித்தவர். அம்மாவுக்கு சுஜாதா. எனக்கு இரண்டு பேரும். எங்கள் வீட்டில் நடுச்சாமத்துக்கு எழுந்து பூ கட்டும் வேலை. சந்தைக்குப் பூ போன பிறகுதான் புத்தகம் எடுப்பேன்.

வாசகியாக ஒன்று சொல்ல வேண்டும். சின்னமுட்டம் சொன்ன தடைக்காலம் அருமையான விஷயம். ஆனால் அதைக் கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் திடீரென்று சொன்னால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். எனக்குத் தெரியாத ஒன்றை வைத்து என்னை ஜெயிப்பது நியாயம் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் நான் கோட்டை விட்டிருக்க வேண்டும். அப்போதுதான் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் 'அட, இங்கேயே இருந்ததே' என்று தேடிப் பார்க்கத் தோன்றும். மர்ம நாவலில் எனக்குப் பிடித்த இடமே அந்தத் தேடல்தான்.

அப்புறம் என் பங்குக்கு ஒன்று. கன்னியாகுமரியில் சூரியன் கடலில் மறைவதை வருஷம் முழுவதும் பார்க்க முடியாது. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைக்கும்தான். மற்ற மாதங்களில் முக்கடல் பக்கம் நின்று பார்த்தால் சூரியன் வடக்கே நகர்ந்து நிலத்துக்குப் பின்னால் போய்விடும். 'ஜூன் மாதம் குமரியில் இருந்தேன், இதோ நான் எடுத்த படம்' என்று முக்கடல் பக்கத்திலிருந்து கடலுக்குள் இறங்கும் சூரியனைக் காட்டுகிறவன் அந்தப் படத்தை ஜூனில் எடுக்கவில்லை. எந்த டூரிஸ்ட்டுக்கும் இது தெரியாது. படத்தை இரண்டாம் அத்தியாயத்திலேயே காட்டிவிடலாம். பின்னால் லாட்ஜ்காரர் யாரோ ஒரு டூரிஸ்ட்டிடம் 'இப்போது வந்தால் சூரியன் கடலில் விழாது சார்' என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அவ்வளவு போதும்.

மலையோரம்

தோவாளை அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். என் எழுத்து வேலையில் பாதி அதுதான்: விஷயத்தை வாசகர் கண் முன்னால் வைக்க வேண்டும், ஆனால் அவர் கண் அதில் நிற்கக் கூடாது. நான் செய்வது இதுதான். முக்கியமான தகவலை வேறு ஒரு காரியத்துக்காக வருகிற வரியில் வைப்பேன். லாட்ஜ்காரர் அந்த வார்த்தையைச் சொல்வது அறை வாடகையைக் குறைத்துக் கேட்கும் டூரிஸ்ட்டிடம் என்றால், வாசகர் வாடகை பேரத்தைத்தான் கவனிப்பார். இன்னொரு வழி, மூன்று பொருளைச் சேர்த்துச் சொன்னால் முக்கியமானதை நடுவில் வைப்பது. முதலும் கடைசியும் மனதில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவிவிடும்.

இனி எழுதும் பழக்கம். காலையில் வெட்டு, பால் எடுப்பு, ஷீட் எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தால் பதினோரு மணி. அப்போதிலிருந்து மதியச் சாப்பாடு வரை எழுதுவேன். கோடு போட்ட நோட்டில் பேனாவால்தான். கம்ப்யூட்டரில் ஏற்றுவது மகள். ஆனி, ஆடியில் மழை அடித்துப் பெய்யும்போது வெட்டு நின்றுபோகும். நீளமாக எழுதுவதெல்லாம் அந்த நாட்களில்தான். ரப்பர்க்காரனுக்கு வருமானம் இல்லாத மாதம் எனக்கு நாவல் மாதம்.

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு அட்டவணை போடுவேன். காலண்டர் தாளின் பின்பக்கம். இடது பக்கம் மணி, மேலே ஆட்களின் பெயர். கொலை நடந்த நாளில் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு ஆளும் எங்கே இருந்தார், என்ன செய்தார், அதை யார் பார்த்தது என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்புவேன். கதையில் வராத கட்டமும் நிரம்ப வேண்டும். பலசரக்குக் கடைக்காரர் மூன்று மணிக்குத் தூங்கினாரா, விழித்திருந்தாரா என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிரப்ப முடியாத கட்டம் ஒன்று இருந்தால் அந்த ஆள் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை என்று பொருள்.

அட்டவணை முடிந்ததும் கொலைகாரனின் வாக்குமூலத்தை எழுதுவேன். அவன் குரலில், ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன் என்று. அது புத்தகத்தில் வராது. நான் மட்டும் வாசிப்பேன். அந்த வாக்குமூலத்தை வாசிக்கும்போது எனக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வரவில்லை என்றால் எழுதுவதில்லை. பணத்துக்காகக் கொன்றான் என்று ஒரு வரியில் முடிகிறவனோடு ஆறு மாதம் வாழ முடியாது.

முட்டம்

அண்ணாச்சி மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் வேறு கட்சி. எனக்கு அட்டவணை ஆகாது. யார் செய்தது என்று முன்பே தெரிந்துவிட்டால் எழுதும் ஆசையே போய்விடும். நான் ஒரு ஆளை எடுப்பேன், அவருக்கு ஒரு நெருக்கடி கொடுப்பேன், அவர் எங்கே போகிறார் என்று பின்னாலேயே போவேன். ராத்திரி கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் ஜன்னலில் வந்து வந்து போகும் நேரத்தில்தான் எழுத்து வரும். யார் செய்தது என்று பாதி நாவலில் எனக்கே தெரியும். பிறகு முன்னால் எழுதியதற்குத் திரும்பிப் போய்த் தடயம் வைப்பேன்.

இது நான் மட்டும் செய்வதல்ல. பெல்ஜியத்து மர்ம நாவலாசிரியர் சிமெனோன் டெலிபோன் டைரக்டரியிலிருந்து பெயர்களை எடுத்து, ஒரு பழைய கவரின் பின்னால் ஆட்களின் வயது, குடும்பம் மட்டும் குறித்துக்கொண்டு, ஒரு நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று எழுதி முடிப்பார். முடிவு அவருக்கே முன்பே தெரியாது. இப்படி எழுதித்தான் நூற்றுக்கணக்கில் நாவல்கள் வந்தன.

மலையோரம்

முட்டம் தம்பி, உங்கள் வழியும் வழிதான். நீங்கள் திரும்பிப் போய்த் தடயம் வைப்பதாகச் சொன்னீர்களே, அங்கேதான் நம் இரண்டு பேரும் சந்திக்கிறோம். நான் முன்னால் செய்கிற வேலையை நீங்கள் பின்னால் செய்கிறீர்கள். வேலை ஒன்றுதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் வழியைத்தான் சொல்வேன். பாதியில் யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் நின்றுபோன கையெழுத்துப் பிரதிகளை நிறையப் பேர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவற்றில் முதல் ஐம்பது பக்கம் பிரமாதமாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் டார்க்கி ஊரில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர். முதல் நாவல் 1920இல் வந்தது, அதிலேயே விஷம்தான் மையம். இன்னொரு ஆங்கில மர்ம எழுத்தாளர் பி.டி.ஜேம்ஸ் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், முதல் நாவல் வந்தபோது வயது 42. பிறகு பிரிட்டிஷ் உள்துறை அலுவலகத்திலும் இருந்தார். கதை தனக்கு முதலில் ஒரு இடமாகத்தான் வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நம்ம சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு எழுத உட்காரவில்லை. வேலையிலிருந்து எழுதினார்கள். வேளிமலைத் தங்கச்சி, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை. அரண்மனைக்கு முன்னால் அதைத்தான் நான் கேட்பேன்.

வேளிமலை

முந்திரி ஆலையில் கணக்கு. அதில் என்ன மர்மம் இருக்கிறது அண்ணாச்சி?

அரண்மனையை விட மனம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் சுரங்கப் பாதை எங்கே என்றுதான் கேட்பேன்.

இன்னொரு கேள்வி. எங்கள் ஊர்ப் பக்கம் சில வருஷத்துக்கு முன் நடந்த ஒரு சம்பவம் மனதை விட்டுப் போகவில்லை. ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாமா?

கோட்டாறு வக்கீல்

அதை வேண்டாம் என்றுதான் சொல்வேன், அம்மா. பெயரை மாற்றினாலும் தக்கலைப் பக்கம் வாசிக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். இறந்தவரின் அம்மா இன்னும் அதே தெருவில் இருப்பார். வழக்கு முடியாமல் இருந்தால் நீங்கள் கற்பனையாக ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது வேறு தொல்லைகளையும் கொண்டுவரும். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்டது என்றால் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி எழுதுவதே குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

சட்டம் என்று வந்துவிட்டதால் எழுதுகிறவர்களுக்கு வேறு சில விஷயங்கள். 2024 ஜூலை 1 முதல் நடக்கிற கொலைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு கிடையாது. இப்போது நியாய சன்ஹிதாவின் 103. சந்தேக மரணம் என்று முதலில் பதிவு செய்வது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174க்குப் பதிலாகப் புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194. இன்றைக்கு நடக்கிற கதையில் இன்ஸ்பெக்டர் '302 போடுறேன்' என்று மிரட்டினால் எங்கள் ஆட்கள் அங்கேயே வாசிப்பை நிறுத்திவிடுவார்கள்.

ஆள் தெரியாத பிணம் கிடந்தால் பெரும்பாலும் புகார் கொடுப்பவர் கிராம நிர்வாக அலுவலர். கதையில் அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஊரில் யாருக்கு யாரோடு நிலத் தகராறு, யார் எந்த வருஷம் பட்டா மாற்றினார்கள் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. பிரேத விசாரணையில் பஞ்சாயத்தார் கையெழுத்துப் போடுவார்கள். பிரேதப் பரிசோதனை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில். அங்கே டாக்டர் 'சரியாக இரவு 11.20க்கு இறந்தார்' என்று சொல்ல மாட்டார். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்வார். அந்த இடைவெளிதான் நாவலாசிரியருக்குக் கிடைத்த மைதானம். மலையோரம் அண்ணாச்சியின் சிரட்டை அந்த இடைவெளிக்குள்தான் வேலை செய்கிறது.

பழைய காலத்துக் கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1க்கு முன் இங்கே மதராஸ் போலீஸ் கிடையாது. திருவிதாங்கூர்-கொச்சி, 1949க்கு முன் என்றால் திருவிதாங்கூர் சமஸ்தானம். இன்னும் பின்னால் போனால் சுசீந்திரத்தில் கைமுக்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி தாணுமாலயன் சந்நிதியில் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கட்டுப் போட்டு, பிறகு அவிழ்த்துப் பார்த்து, புண் இருந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. சாட்சி, தடயம், குறுக்கு விசாரணை எதுவும் தேவைப்படாத ஒரு நீதிமுறை நம்ம ஊர்க் கோயிலில் நடந்திருக்கிறது. அந்த முடிவை ஒத்துக்கொள்ளாமல், கையில் புண்ணோடு நிற்கிற ஆளுக்காக உண்மையைத் தேடிப் போகிற ஒருவரை வைத்து யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

தோவாளை

வக்கீல் சார், அந்தக் கதையை நீங்களே எழுதுங்கள். முதல் பிரதி எனக்கு.

மலையோரம்

வேளிமலைத் தங்கச்சிக்கு அரண்மனையைப் பற்றி.

சுரங்கப் பாதையை நான் விட்டுவிடச் சொல்வேன். ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, ரகசிய அறையோ பாதையோ ஒன்றுக்கு மேல் கூடாது. நான் அதைவிடக் கண்டிப்பு. வாசகருக்கு முன்பே தெரிந்த சுரங்கத்தால் அவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. தக்கலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்தக் கதை தெரியும்.

ஆனால் அரண்மனையை விட வேண்டாம். அங்கே தினமும் நடப்பதைப் பாருங்கள். செருப்பைக் கழற்றி வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் எல்லாம் போன பிறகு செருப்பு வைக்கிற இடத்தில் ஒரு ஜோடி மட்டும் மிச்சம் இருக்கிறது. புதுச் செருப்பு அல்ல, குதிகால் ஒரு பக்கம் தேய்ந்த பழையது. யாரோ மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று ஓரமாக ஒதுக்கி வைக்கிறார்கள். வெறுங்காலோடு பஸ் ஏறிப் போகிறவர் எத்தனை பேர்? அடுத்த நாள் பூட்டிக் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் திறக்கிறார்கள். உங்கள் முதல் அத்தியாயம் இதோ இருக்கிறது. சுரங்கம் எதற்கு?

செருப்பைப் பார்த்துக்கொள்கிறவர்தான் உங்கள் சாட்சி. அந்த வேலையில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். போலீஸ் போட்டோவைக் காட்டி 'இந்த ஆளைப் பார்த்தீர்களா' என்று கேட்டால் தெரியாது என்பார். காலைக் காட்டினால் சொல்வார். யாராவது அவரிடம் காலைக் காட்டிக் கேட்கிற இடம்வரை நாவலை நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

முந்திரி ஆலையில் மர்மம் இல்லை என்று நினைக்காதீர்கள். கொட்டையின் ஓட்டை உடைக்கிற பெண்களின் விரலை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலை அரித்துக் கறுப்பாக்கிவிடும், லேசில் போகாது. அந்த வேலை செய்த கையை எவ்வளவு சோப்பு போட்டாலும் மறைக்க முடியாது. 'நான் வீட்டோடு இருக்கிறவள், வேலைக்குப் போனதே இல்லை' என்று சொல்கிற ஒருத்தியின் விரலில் அந்தக் கறை இருந்தால்? உங்களைத் தவிர இந்த இழையில் யாருக்கும் அது தோன்றாது.

சின்னமுட்டம்

செருப்பு விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு தடவை மேலே போய் வாசித்தேன் அண்ணாச்சி.

எங்கள் ஆட்களுக்கும் விரலில் தெரியும். தூண்டில்கயிறு இழுத்த கைக்கும் வலை இழுத்த கைக்கும் தழும்பு வேறு இடத்தில் இருக்கும். படகில் என்ன வேலை பார்த்தேன் என்று பொய் சொன்னால் கையைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

முட்டம்

வேளிமலை, பேச்சு எப்படி எழுதப் போகிறீர்கள்? நம்ம ஊர்ப் பேச்சிலா, பொதுவான தமிழிலா? என் அனுபவத்தில் விளவங்கோடு பேச்சும் தோவாளைப் பேச்சும் கலந்துபோனால் உள்ளூர்க்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கடற்கரைப் பேச்சு இன்னும் வேறு. ஆனால் மர்ம நாவலில் அதுவே ஒரு வசதி. போனில் கேட்ட குரல் எந்தத் தாலுகா என்று சொல்லிவிட முடியும்.

வேளிமலை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சுரங்கப் பாதையை எடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அட்டவணை வரைந்தேன். ஞாயிறு மதியத்திலிருந்து செவ்வாய் காலைவரை. இறந்தவர் பெண் என்று மாற்றியிருக்கிறேன். அவர் விரலில் முந்திரிக் கறை. போலீசுக்கு அவரைக் கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து வசதியான குடும்பத்துப் பெண் என்று சொல்லியிருக்கிறார்கள். பையில் ஒரு கேரள லாட்டரிச் சீட்டு இருக்கிறது. பேச்சு கல்குளம் பேச்சாகவே வைத்துக்கொள்கிறேன் முட்டம், எனக்குத் தெரிந்தது அதுதான்.

நிரப்ப முடியாத கட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு வக்கீல் சார்தான் பதில் சொல்ல வேண்டும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, ஊழியர்கள் அவர்கள். பெண்ணைக் கடைசியாகப் பார்த்தது எல்லையில் இருக்கிற களியக்காவிளையில். வீட்டில் காணவில்லை என்று புகார் கொடுத்தது பாறசாலையில். அப்படியென்றால் வழக்கு யாருடையது?

கோட்டாறு வக்கீல்

நல்ல கேள்வி. ஊழியர்கள் யார் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பது முக்கியம் இல்லை. நிலம் கல்குளம் தாலுகா. பிணம் கிடைத்த இடத்துக்கு உரிய காவல் நிலையம் தக்கலை. சந்தேக மரணம் அங்கேதான் பதிவாகும். பாறசாலையில் காணாமல் போன வழக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே பெண் என்று தெரிகிற வரைக்கும் இரண்டு கோப்பு, இரண்டு மொழி. அங்கே உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. லாட்டரிச் சீட்டும் நன்றாக உதவும். தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரி கிடையாது, ஆகவே சீட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கியது என்று தக்கலை போலீசுக்கு உடனே தெரியும். சீட்டின் பின்னால் விற்ற ஏஜென்சியின் முத்திரை இருந்தால் அங்கிருந்து தொடங்குவார்கள்.

யாராவது எல்லை தெரியாமல் வேறு நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாலும், 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. இப்போதைய சட்டப்படி பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். கொலை எல்லைக்கு எந்தப் பக்கத்தில் நடந்தது என்பதே தெளிவாகத் தெரியவில்லை என்றால், சம்பந்தப்பட்ட எந்தப் பகுதியின் நீதிமன்றத்துக்கும் விசாரிக்கும் அதிகாரம் உண்டு. தக்கலை என்றால் முதலில் பத்மநாபபுரம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், கொலை வழக்கு பிறகு செஷன்ஸுக்குப் போகும். அந்தப் பக்கம் என்றால் நெய்யாற்றின்கரை. உங்கள் இன்ஸ்பெக்டர் எந்த நிலையத்துக்காரர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதைப் பொறுத்து மீதியைச் சொல்கிறேன்.